தூக்கணாங்குருவிகளின் கூட்டுப் பேரம்

ஒரு காட்டில், சிங்கம் வெளியூர் போயிருந்ததால் நிர்வாகம் ஓரளவு ஒழுங்காக நடந்துகொண்டிருந்த காட்டில், கோமதிநாயகம் என்ற குயில் ஒரு கூட்டுக் கம்பெனி நடத்திவந்தது. குளக்கரைப் பனைமரத்தில் பட்டறை. பக்கத்துப் பூவரச மரத்தில் அலுவலகம்.

குயில் இனத்தில் பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்தே யாரும் கூடு கட்டியதில்லை. காக்கையின் கூட்டில் முட்டையைப் போட்டுவிட்டுப் பாடப் போய்விடுவது அவர்கள் குல வழக்கம். கூடு கட்டத் தெரியாத ஒருவர் கூடு விற்கிறாரே என்று காட்டில் யாரும் வியக்கவில்லை. கட்டத் தெரிந்தவர்களுக்குக் கட்டவே பொழுது சரியாக இருந்தது, வியப்பதற்கு நேரம் ஏது?

கட்டியவை தூக்கணாங்குருவிகள். வாங்கியவை பெரும்பாலும் புறாக்கள். புறா நாலு குச்சியைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து அதை வீடு என்று சொல்லும். முட்டை இடுக்கு வழியாகக் கீழே போனதும் கம்பெனிக்கு வரும். ஒரு கூட்டுக்கு மூன்று படி கம்பு விலை. அதில் அரைப்படி கட்டிய குருவிக்கு. மீதி இரண்டரைப் படி கம்பெனிக்கு.

அந்தக் குருவிகளில் ஒன்று அரியமுத்து. கை சுத்தமான வேலைக்காரன், வாய் மட்டும் கொஞ்சம் குறைவு. ஊருக்கெல்லாம் கூடு கட்டிய அரியமுத்துவின் சொந்தக் கூடு மட்டும், பனையின் கடைசி ஓலையில், யாரோ மாட்டிவிட்டு மறந்துபோன ஹெல்மெட்டைப் போலப் பாதியில் தொங்கியது.

தூக்கணாங்குருவிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆண் குருவி பாதிக் கூட்டைக் கட்டிக் காட்ட வேண்டும். பெண் குருவி வந்து நாரை இழுத்துப் பார்க்கும், உள்ளே உட்கார்ந்து ஆடிப் பார்க்கும். பிடித்திருந்தால் மீதியையும் கட்டச் சொல்லும். முழுக் கூடு முடிந்தால்தான் கல்யாணம். அரியமுத்துவின் பாதிக் கூட்டைப் பார்த்துப் பூவாயி என்ற குருவி சம்மதம் சொல்லியிருந்தது. சொல்லி வெகுநாள் ஆகிவிட்டது. மழைக்காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

"உள்ளறை எங்கே?" என்று கேட்டது பூவாயி.

"வரும்."

"நுழையிற குழாய்?"

"அதுவும் வரும்."

"எல்லாம் வரும் வரும்னு சொன்னா, மழையும்தான் வரும். ஊருக்கெல்லாம் வீடு கட்டுற மாப்பிள்ளைன்னு எங்கம்மாகிட்டப் பெருமையாச் சொல்லிட்டேன். 'உன் வீடு எங்கேடி'ன்னு இப்ப அவங்க கேக்காங்க. என்ன சொல்லட்டும்?"

"வேலை ஜாஸ்தி பூவாயி. காலையில ஒரு கூடு, சாயங்காலம் ஒரு கூடு கட்டினாத்தான் வயிறு நிறையுது."

"மாந்தோப்புல ஒருத்தர் முழுசாக் கட்டி முடிச்சுட்டுச் சும்மா உக்காந்திருக்காராம். முதல் மழை வரைக்கும் பாப்பேன். அப்புறம் என்னையக் குத்தம் சொல்லக் கூடாது."

சொல்லிவிட்டுப் பறந்துவிட்டது.

அரியமுத்து பூவரச மரத்துக்குப் போனது. கூலியைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தால் ஒரு வேளை வேலை போதும், மறு வேளையில் சொந்தக் கூட்டை முடித்துவிடலாம் என்பது அதன் கணக்கு. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போன வாக்கியத்தைக் குயிலின் எதிரில் பாதிதான் சொல்ல முடிந்தது.

"உனக்குக் கொடுக்க எனக்கு மனசில்லையாடா?" என்றது கோமதிநாயகம். "இந்தச் சடையன் இருக்கானே, நேத்து வந்து, கால்படி கொடுத்தாக்கூடக் கட்டித் தாரேன்னு சொல்லிட்டுப் போறான். உன் முகத்துக்காகத்தான் அரைப்படியைக் குறைக்காம வச்சிருக்கேன். நீ வந்து ஏத்திக் கேக்கே."

அரியமுத்து நன்றி சொல்லிவிட்டுத் திரும்பியது. வழியில் சடையன் எதிர்ப்பட்டது. சடையனும் கூலி உயர்வு கேட்கத்தான் போய்க்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் அதுவும் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பியது.

"கால்படிக்குக் கட்டுறேன்னு சொன்னியாமே" என்று இரண்டும் ஒன்றையொன்று கேட்டன. பிறகு இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை.

இதையெல்லாம் மேலே இருந்து ஒரு மைனா பார்த்துக்கொண்டிருந்தது. பெயர் செல்லத்துரை. டவுனில் ஒரு பஞ்சாலையின் வாசலுக்கு எதிரில் வேப்பமரத்தில் குடியிருந்து, அந்த வேப்பமரத்தை வெட்டிவிட்டதால் காட்டுக்கு வந்து சேர்ந்தது. ஆலை வாசலில் நடந்த கூட்டங்களை எல்லாம் விடாமல் கேட்டதில் நல்ல நல்ல சொற்கள் அதன் வாயில் தங்கிவிட்டன.

"இப்படி ஒத்தை ஒத்தையாப் போனா இப்படித்தான்" என்றது செல்லத்துரை. "டவுன்ல எல்லாரும் சங்கமாச் சேந்து போவாங்க. அதுக்குப் பேரு கூட்டுப் பேரம்."

"சேந்து போனா மட்டும் என்ன நடக்கும்ணே?"

"அவன் கம்மிக்கு வாரேன்னான்னு மொதலாளி சொல்ல முடியாது. அவன் உன் பக்கத்துலயே நிப்பான்."

அரியமுத்துவுக்கு இது சட்டென்று விளங்கியது. சடையனுக்கும் விளங்கியது. இரண்டும் பேச ஆரம்பித்தன.

சங்கம் அன்றைக்கே உருவாகிவிட்டது, ஆனால் தலைவர் பதவிக்கு ஏறக்குறைய எல்லாக் குருவிகளும் போட்டியிட்டதில் மாலை வரை இழுத்தது. கடைசியில் போட்டியிட்ட எல்லோரும் உதவித் தலைவர்கள் என்று முடிவாயிற்று. எந்தப் பதவியும் கேட்காமல் ஓரமாக உட்கார்ந்திருந்த அரியமுத்துவைச் செயலாளர் ஆக்கினார்கள். வேலை இருந்த பதவி அது ஒன்றுதான். செல்லத்துரை தனக்குக் கூலி எதுவும் வேண்டாம் என்றது. "வாராவாரம் ஒரு கூட்டம் போட்டுக் கொடுங்க, அது போதும். பேசாம இருந்து தொண்டை கட்டிக்கிச்சு."

மறுநாள் பனையிலிருந்த குருவிகள் எல்லாம் ஒரே மொத்தமாகப் பூவரசுக்குப் போய் இறங்கின. கிளை தாழ்ந்தது. கோமதிநாயகம் கிளையின் நுனிக்கு நகர்ந்துகொண்டது.

"எங்களுக்குக் கூட்டுப் பேர உரிமை வேணும்" என்றது அரியமுத்து. பின்னால் அத்தனை பேர் நின்றதில் இந்த முறை வாக்கியம் முழுதாக வந்துவிட்டது.

கோமதிநாயகம் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து யோசித்தது. கொத்த வந்திருக்கிறார்கள் என்று பயந்தால், இவர்கள் இதையா கேட்கிறார்கள்? அதற்கு அப்படியே உடம்பு லேசாகிவிட்டது.

"அவ்வளவுதானா? தாராளமா எடுத்துக்கோங்கப்பா" என்று சொல்லி, ஒரு பூவரச இலையில் அலகாலேயே கீறிக் கொடுத்துவிட்டது: 'இக்கம்பெனித் தொழிலாளருக்குக் கூட்டுப் பேர உரிமை உண்டு.'

பனைமரத்தில் அன்று முழுக்கக் கொண்டாட்டம். இவ்வளவு சுலபமாக வெற்றி கிடைத்ததில் செல்லத்துரைக்குத்தான் கொஞ்சம் வருத்தம். மூன்று மணி நேரப் பேச்சு ஒன்றைத் தயாரித்து வைத்திருந்தது.

அடுத்த நாள் எல்லோரும் கூலி பேசப் போனார்கள்.

"கூலியா?" என்றது கோமதிநாயகம். அதன் முகத்தில் இருந்தது உண்மையான ஆச்சரியம். "நீங்க கேட்டது கூட்டுப் பேரம்தானே? வீட்டைப் பேசினா வீட்டுப் பேரம். மாட்டைப் பேசினா மாட்டுப் பேரம். கூட்டைப் பேசினாக் கூட்டுப் பேரம். புறாக்கிட்ட கூட்டு விலை பேசிப் பேசி எனக்குப் பாடுற தொண்டையே போயிட்டுது. பிள்ளைகளாப் பாத்து அந்தச் சுமையை வாங்கிக்க வந்திருக்கீங்கன்னு நினைச்சேன்."

குருவிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு எல்லாமாகச் சேர்ந்து செல்லத்துரையைப் பார்த்தன. செல்லத்துரை ஆகாயத்தைப் பார்த்தது.

"எழுத்துல வாங்கிட்டீங்க" என்று தொடர்ந்தது குயில். "நானும் சொன்ன சொல் மாற மாட்டேன். ஒரு கூட்டுக்கு எனக்கு எப்பவும் மிஞ்சுறது இரண்டரைப் படி. அதை வச்சுடுங்க. மேலே எவ்வளவு பேசி வாங்குவீங்களோ, அது உங்க கூலி. ஒண்ணும் மிஞ்சலைன்னா என்கிட்ட வந்து அழக் கூடாது."

இந்தக் கூச்சக் குருவிகள் புறாவிடம் பேசி மூன்று படிகூட வாங்கப் போவதில்லை, அதன்பின் சங்கம் என்ற பேச்சையே எடுக்காது என்று அது உள்ளூரக் கணக்குப் போட்டது.

முதலில் வந்த புறா சௌந்தரம்மாள். பேரத்தில் காடறிந்த கை.

"போன தடவை மூணு படி கொடுத்தேன், அதுவே அநியாயம்" என்று ஆரம்பித்தது. "இந்தத் தடவை ரெண்டரைக்கு முடிச்சுக்கோ ராசா."

அரியமுத்துவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. சங்கத்தில் பேசிவைத்திருந்த "நாலு" என்ற ஒரு சொல்தான் வந்தது.

"நாலா? பனைமரத்தையும் சேத்தாப்பா?"

"நாலு."

இவனிடம் பேசிப் பயனில்லை என்று சௌந்தரம்மாள் சடையன் பக்கம் நகர்ந்தது. "தம்பி, உன் முகத்தைப் பாத்தாலே நல்ல பிள்ளைன்னு தெரியுது. நீ சொல்லு."

"நாலு" என்றது சடையன்.

சௌந்தரம்மாள் பனையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனது. அங்கே இளசாக ஒரு குருவி, நேற்று வேலைக்குச் சேர்ந்தது, நாரைக் கடித்துக்கொண்டு நின்றது. சௌந்தரம்மாள் வாயைத் திறப்பதற்குள் அது "நாலு" என்றது.

அவர்களுக்குப் பேரம் பேசத் தெரியவில்லை; ஒரே எண்ணைச் சொல்லத்தான் தெரிந்திருந்தது. பேரம் பேசத் தெரிந்தவர்கள் தோற்பது இப்படிப்பட்டவர்களிடம்தான். சௌந்தரம்மாள் கோபித்துக்கொண்டு போய், தானே குச்சி அடுக்கி, ஒரு முட்டையை உருட்டிவிட்டு, மறுநாள் திரும்பி வந்து நாலு படியை அளந்தது.

குயிலுக்கு இரண்டரை போக, குருவிக்கு ஒன்றரைப் படி. அரைப்படியைத் தவிர வேறெதையும் கண்டிராத பனைமரத்தில் அந்தக் கம்பைக் கொத்தித் தின்னாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

கோமதிநாயகம் உடனே தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. "கண்காட்சிக்கு வைக்க ஒரு மாதிரிக் கூடு வேணும். கூலி கீலின்னு பேசாம, கம்பெனிக்காக ஒண்ணு பின்னிக் கொடுங்க. நம்ம கம்பெனிதானே" என்று சொல்லி அனுப்பியது.

அரியமுத்துவுக்கு வாழ்நாளில் முதல் முறையாகக் கோபம் வந்தது. சங்கக் கூட்டத்தைக் கூட்டித் தானே எழுந்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தது: 'இனி இந்தப் பனைமரத்தில் உறுப்பினர் எவரும் கூலி வாங்காமல் ஒரு நாரைக்கூடப் பின்னக் கூடாது.' ஏகமனதாக நிறைவேறியது. செல்லத்துரை அந்த மூன்று மணி நேரப் பேச்சை அன்று பேசித் தீர்த்தது.

சரி, கூலி ஏறினால் எல்லாம் சுகம்தானே? அப்படி ஒன்றும் நேரே முடிந்துவிடவில்லை. விலை நாலு படி ஆனதும் புறாக்களில் பாதி, இந்த வருஷம் பழைய கூட்டிலேயே சமாளிப்போம் என்று இருந்துவிட்டன. கம்பெனிக்கு வேலை பாதியாகக் குறைந்தது. கோமதிநாயகத்துக்கு வருமானம் பாதியாகக் குறைந்தது. அது காலையில் பாட ஆரம்பித்து நடுவிலேயே நிறுத்திக்கொள்ளும். "கம்பெனி மூழ்குது, கம்பெனி மூழ்குது" என்று சொல்லி, நம்பாதவர்களுக்குக் கீழே இருந்த குளத்தைக் காட்டியது.

அந்தச் சமயத்தில் ஓடைக்கரையிலிருந்து நாலைந்து குருவிகள் வேலை தேடி வந்தன. அரைப்படி கொடுத்தாலும் கட்டுவோம் என்றன. கோமதிநாயகத்துக்குக் குரல் திரும்பிவிட்டது. ஆனால் அது பூவரசிலிருந்து இறங்கி வருவதற்குள் செல்லத்துரை முந்திக்கொண்டது.

"அவங்களையும் சங்கத்துல போட்டுடுங்க."

"ஏற்கெனவே வேலை பாதிதான் இருக்கு. இன்னும் அஞ்சு பேருக்கா?" என்றது சடையன்.

"வெளியே நின்னா அரைப்படிக்குக் கட்டுவாங்க. உள்ளே வந்துட்டா நாலுன்னு கத்துவாங்க. எது தேவலை?"

சேர்த்துக்கொண்டார்கள். இருக்கிற வேலையை எல்லோருக்கும் முறை வைத்துப் பிரித்தார்கள். ஒரு கூடு கட்டி முடித்தவர் அடுத்த முறை வரும்வரை சும்மா இருக்க வேண்டியதுதான். அப்படியும் முன்பு சாப்பிட்டதைவிடக் கூடுதலாகச் சாப்பிட்டுக் கொஞ்சம் சேர்த்துவைக்கவும் முடிந்தது. இதற்காகக் குயிலிடம் யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

அரியமுத்துவுக்குத்தான் எல்லோரையும்விடச் சந்தோஷம். வயிறும் நிறைகிறது, பொழுதும் கிடைக்கிறது. இதற்குத்தானே இவ்வளவும்? நல்ல ஈரமான கோரைப்புல்லாகப் பார்த்து நீளநீளமாகக் கிழித்து எடுத்துக்கொண்டு கடைசி ஓலைக்குப் போனது. தன் பாதிக் கூட்டில் முதல் நாரை நுழைத்து இழுத்து ஒரு முடிச்சுப் போட்டது.

"செயலாளரே" என்று ஒரு குரல்.

பக்கத்து ஓலையில் சடையன்.

"என்ன சடையா?"

"இல்லை, சும்மா கேக்கேன். இந்த நாருக்குக் கூலி யார் தாராங்க?"

"இது என் கூடுடா."

"தெரியும். கூலி யார் தாராங்கன்னு கேட்டேன்."

அரியமுத்து அந்த முடிச்சைப் பார்த்தது. தீர்மானம் அதன் மனத்தில் சொல்லுக்குச் சொல் ஓடியது. எழுதியது அதுவேதான். உறுப்பினர் எவரும். இந்தப் பனைமரத்தில். ஒரு நாரைக்கூட.

முடிச்சை அவிழ்த்தது.

தீர்மானத்தைத் திருத்த வேண்டும் என்று அவசரக் கூட்டம் போட்டது. சொந்தக் கூட்டுக்கு விலக்கு அளிக்கலாம் என்று அடக்கமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தது. சடையன் எழுந்தது. சங்கத்தில் சேர்ந்த பிறகு அதற்கு நன்றாகப் பேச வந்துவிட்டது.

"தோழர்களே, செயலாளர் மேல எனக்கு மரியாதை உண்டு. இன்னைக்கு அவரு, என் சொந்தக் கூடுன்னு சும்மா பின்னுவாரு. நாளைக்கு மொதலாளி வந்து, எல்லாம் நம்ம சொந்தக் கூடுதானப்பா, பின்னுங்கன்னு சொல்லுவாரு. மாதிரிக் கூடு கேட்டப்ப, நம்ம கம்பெனின்னு அவரு சொன்னது மறந்து போச்சா? சொந்தம்னு ஒரு வாசலைத் திறந்தா, அது வழியா எல்லா இலவசமும் உள்ளே வந்துடும்."

பனைமரமே சிறகடித்து ஆரவாரம் செய்தது. அரியமுத்துவும் சிறகடித்தது. வாதம் அவ்வளவு சரியாக இருந்தது.

திருத்தம் தோற்றது. கூட்டம் கலையும்போது ஒவ்வொரு குருவியும் தன் தன் ஓலையில் தொங்கிய தன் தன் பாதிக் கூட்டு ஹெல்மெட்டை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு போனது. அங்கே கல்யாணமாகாதவர்கள்தான் அத்தனை பேரும்.

மேற்கே மேகம் திரண்டது. பூவாயி வந்து எதிர் ஓலையில் உட்கார்ந்தது. கூட்டைப் பார்த்தது, மேகத்தைப் பார்த்தது.

"வேலை கொறைஞ்சு போச்சுன்னு கேள்விப்பட்டேன். இப்ப என்ன சாக்கு?"

"கூலி இல்லாமக் கட்டக் கூடாதுன்னு தீர்மானம்."

"எந்தக் கிறுக்கன் போட்ட தீர்மானம்?"

அரியமுத்து தலையைக் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டது. பூவாயிக்குப் புரிந்துவிட்டது.

"மாந்தோப்புக்காரருக்கு அறிவு கம்மிதான். ஆனா கூடு இருக்கு" என்று சொன்னது. "மழை வந்தா நான் எங்கேயாவது ஒதுங்கணும்ல?"

பூவாயி போன பிறகு அரியமுத்து யோசித்தது. கூலி இல்லாமல் கட்டக் கூடாது என்றுதான் தீர்மானம் சொல்கிறது. கூலி கொடுத்துக் கட்டக் கூடாது என்று சொல்லவில்லை. சேர்த்துவைத்திருந்த கம்பை எடுத்துக்கொண்டு பூவரச மரத்துக்குப் போனது.

"என்னடா, இன்னும் என்ன வேணும் உங்க சங்கத்துக்கு?" என்றது கோமதிநாயகம்.

"சங்க விஷயமா வரலை. எனக்கு ஒரு கூடு வேணும். அரைக்கூடு ஏற்கெனவே இருக்கு, மீதியை முடிச்சுத் தரணும். முழு விலை கொடுத்துடுறேன்."

குயில் கிளையிலிருந்து எழுந்து நின்றது. "அட, வாங்க வாங்க. வாடிக்கையாளரா வந்திருக்கீங்கன்னு முதல்லயே சொல்லக் கூடாதா? உக்காருங்க. பழம் ஏதாவது சாப்பிடுறீங்களா?"

இத்தனை காலத்தில் கோமதிநாயகம் அரியமுத்துவை 'வாங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"இப்ப யார் முறைன்னு பாக்கிறேன்" என்று பனையை நோக்கிக் கூவி விசாரித்தது. பதில் வந்ததும் அதன் முகம் மலர்ந்தது. "உங்களுக்கு அதிர்ஷ்டம். கம்பெனியிலேயே நல்ல வேலைக்காரன் சிக்கியிருக்கான். அரியமுத்துன்னு பேரு."

"அது நான்தானே."

"அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. போய் விலை பேசி முடிச்சுக்கோங்க. நான் அதுல தலையிட மாட்டேன். அது தொழிலாளரோட உரிமை, எழுதிக் கொடுத்திருக்கேன்."

செய்தி பரவிவிட்டது. அரியமுத்து பனைக்குத் திரும்பியபோது சங்கம் முழுவதும் கூடி நின்றது. யாரும் சிரிக்கவில்லை. செயலாளர் தனக்கென்று வரும்போது விலையைக் குறைப்பாரா என்பதுதான் எல்லோர் மனத்திலும் இருந்தது. குறைத்துவிட்டால் நாளைக்கு எந்தப் புறாவும் நாலு படி தராது.

வாடிக்கையாளர் உட்காரும் ஓலையில் போய் உட்கார்ந்தது அரியமுத்து. தொண்டையைச் செருமிக்கொண்டது.

"மூணு படி" என்றது.

பிறகு எழுந்து, தொழிலாளர் நிற்கும் ஓலைக்குப் பறந்து, சடையனுக்குப் பக்கத்தில் நின்று, எதிரில் இருந்த காலி ஓலையைப் பார்த்து, "நாலு" என்றது.

மறுபடியும் அந்தப் பக்கம். "பாதி ஏற்கெனவே கட்டியிருக்கு. அதுக்காவது கொறைக்கலாமே."

இந்தப் பக்கம். "பாதியில விட்ட வேலையை முடிக்கிறதுதான் கஷ்டம். நாலு."

"கல்யாணக் கூடு. மனசு வையுங்க."

"எல்லாருக்கும் கல்யாணக் கூடுதான்."

"நாம என்ன அசலா? சின்ன வயசுலேயிருந்து தெரிஞ்சவங்க."

"தெரிஞ்சவங்களுக்குன்னு கொறைச்சா மத்தவங்க எங்களைச் சும்மா விடுவாங்களா?"

"சங்கத்துச் செயலாளரை எனக்கு நல்லாப் பழக்கம். அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டுமா?"

இங்கே அரியமுத்து தொழிலாளர் ஓலைக்கு வந்து அலகால் ஓலையைக் கொத்திக்கொண்டு நின்றது. மேற்கே இடி ஒன்று உருண்டது. சடையன் மெதுவாக, "விட்டுடாதீங்க செயலாளரே" என்றது.

"சிபாரிசு எல்லாம் இங்கே எடுபடாது" என்றது அரியமுத்து. "நாலு."

வாடிக்கையாளர் ஓலைக்குப் போனது. அங்கே உட்கார்ந்து மேகத்தைப் பார்த்தது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "சரி, நாலு" என்றது.

பனைமரம் அதிர்ந்தது. அரியமுத்துவைத் தூக்கிக்கொண்டு குளத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். அதன் மனத்தில் ஒரு பக்கம் ஜெயித்த பெருமை, ஒரு பக்கம் ஏமாந்த எரிச்சல். பெருமை கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

அரியமுத்து நாலு படி கம்பை அளந்து கொடுத்தது. இரண்டரைப் படியைக் கோமதிநாயகம் எடுத்துக்கொண்டது. ஒன்றரைப் படியைத் தொழிலாளி அரியமுத்துவிடம் கூலியாகக் கொடுத்தது. அரியமுத்து அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. தன் கையை விட்டுப் போன கம்புதான், ஆனால் போராடிப் பெற்ற கம்பாகத் திரும்பி வந்ததில் ருசியே வேறாக இருந்தது.

பிறகு கட்டியது. ஈரக் கோரையைக் கிழித்து, கோத்து, இழுத்து, இறுக்கி, உள்ளறை அமைத்து, காற்றில் ஆடாமலிருக்க உள்ளே ஈரக் களிமண் அப்பி, பாம்பு நுழைய முடியாத நீளத்துக்குக் குழாய் இறக்கி, அந்தப் பனை கண்டதிலேயே நல்ல கூட்டைக் கட்டி முடித்தது. முழுக் கூலி வாங்கிய வேலை அல்லவா?

பூவாயி வந்து நாரை இழுத்துப் பார்த்தது. வரவில்லை. உள்ளே போய் உட்கார்ந்து ஆடிப் பார்த்தது. பிறகு குழாய் வழியாகத் தலையை மட்டும் நீட்டி, "எங்கம்மாவுக்குச் சொல்லி அனுப்புங்க" என்றது.

கல்யாணத்துக்கு வந்த குருவிகள் திரும்பும்போது நேரே பூவரச மரத்துக்குத்தான் போயின. முதலில் சடையன் தனக்கொரு கூடு வேண்டும் என்றது. சடையனுக்கு அரியமுத்து கட்டியது. அரியமுத்துவின் தம்பிக்குச் சடையன் கட்டியது. ஓடைக்கரைக் குருவிகள் தங்களுக்குள் மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டன. எல்லோரும் நாலு படி கொடுத்து, ஒன்றரைப் படி வாங்கினார்கள். கம்பெனியில் முன்பு இருந்ததைவிட இரண்டு மடங்கு வேலை. கையில் மிச்சம் இருந்தவர்கள் மழைக்காலத்துக்கு ஒன்று, வெயில் காலத்துக்கு ஒன்று என்று சொல்லிவைத்தார்கள்.

கோமதிநாயகத்தின் குரல் பழையபடி முழுப் பாட்டுக்கு வந்துவிட்டது. "தொழிலாளிக்குக் கூலியை ஏத்திக் கொடுத்தா வியாபாரம் தானா ஏறும்னு நான் ஆரம்பத்துலேயிருந்தே சொல்லிட்டு வாரேன்" என்று அது காக்கைகளிடம் சொன்னது. எல்லாம் சங்கத்தின் வெற்றி என்று செல்லத்துரை கூட்டம் போட்டுச் சொன்னது. சங்கம் வந்துதான் விலைவாசி கெட்டுப்போச்சு என்று சொல்லிக்கொண்டே சௌந்தரம்மாள் இரண்டாவது கூட்டுக்கு முன்பணம் கட்டியது. மூன்று பேர் சொன்னதும் உண்மைதான் என்பதால் அவர்களுக்குள் சண்டை எதுவும் வரவில்லை.

ஒரு நாள் மதியம் நல்ல மழை. பனையோலை எல்லாம் சலசலத்தது. அரியமுத்துவின் கூட்டுக்குள் ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. இரண்டும் உள்ளறையில் ஒட்டி உட்கார்ந்திருந்தன.

"ஒண்ணு கேக்கணும்" என்றது பூவாயி. "நாரு நீங்க கிழிச்சது. பின்னினதும் நீங்க. கூலி கொடுத்தது நீங்க. வாங்கினதும் நீங்க."

"ஆமா."

"அப்ப அந்தக் கறுப்பு ஐயாவுக்கு ரெண்டரைப் படி எதுக்கு?"

அரியமுத்து யோசித்தது. அவசரப்பட்டுப் பதில் சொல்வது அதற்குப் பழக்கமில்லை. மழை ஒரு முறை வலுத்து ஓய்ந்தது.

"அவரு இல்லைன்னா, நான் யாரை எதுத்து நின்னு அந்த ஒண்ணரைப் படியை ஜெயிச்சிருப்பேன்?"

பூவாயி அதை நெடுநேரம் மனத்துக்குள் புரட்டிப் பார்த்தது. பிறகு சொன்னது: "இனி இந்தக் கூட்டுல முட்டை அடைகாக்கணும், குஞ்சுக்கு இரை தேடணும், நாள் பூரா வேலை இருக்கு. அத்தனையும் நாங்கதான் செய்யணும். எங்க பொம்பளைங்களுக்கு ஒரு சங்கம் இருக்கா?"

அரியமுத்து தூங்கிப் போய்விட்டதைப் போலக் கண்ணை மூடிக்கொண்டது.

நீதி: எல்லோரும் ஒன்றாக நின்று பேரம் பேசுங்கள். எதிரில் நிற்பது நீங்களே ஆனாலும் ஒரு படிகூடக் குறைக்காதீர்கள். குறையாமல் வருவதைக் குயில் வாங்கி வைத்துக்கொள்ளும்.